சந்தமும் சட்டையும்

இவ்விதழின் தமிழ்ப் பகுதியில் ‘ஹிப் ஹாப்’ என்னும் சொல் தலைகாட்டுதல் தகுமோ என ஐயுறும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். இப்பகுதியை ஆண்டுதோறும் அணிசெய்து வருவன கம்பன் கவிநயமும் சிலம்பின் ஊழ்வினையும் பற்றிய கட்டுரைகளே. அவ்வரிசையில் சந்துமுனை இளைஞர் பாட்டையும் அவர் அணியும் தொளதொளத்த சட்டையையும் கொணர்ந்து நிறுத்துவது விருந்துப் பந்தியிற் பழங்கஞ்சி பரிமாறுவது போலத் தோன்றலாம். எனினும் யாம் கொங்கு நாட்டிற் பிறந்தோம். எம் ஊர் ஆனைமலை. அப்பாட்டுக்கும் எம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அவ்வுறவு சொல்லின் வழியாக வந்ததினும் நூலின் வழியாக வந்தது பெரிது. ஏட்டு நூலைக் கூறுகின்றோமல்லோம். பருத்தி நூலையே கூறுகின்றோம்.

முதற்கண் அப்பாட்டின் பிறப்பைக் காண்போம். அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநகரில் பிராங்க்ஸ் என்பது ஒரு பகுதி. அதனை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலை ஒன்றை அமைக்கும்பொருட்டுக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. வசதியுடையோர் வெளியேறினர். எஞ்சியோருட் பெரும்பாலார் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா முதலிய தீவுகளினின்று குடியேறியவருமே. 1970-களில் அங்கு வீடுகள் தீப்பற்றி எரிதல் அன்றாடச் செய்தியாயிற்று. அப்பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடி வீட்டின் பொதுக்கூடத்தில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் இரவு, சிண்டி காம்பெல் என்னும் நங்கை ஓர் ஆடல் விருந்து நடத்தினாள். நுழைவுக் கட்டணம் பெண்டிர்க்கு 25 சென்டு. ஆடவர்க்கு 50 சென்டு. அப்பணம் அவளுக்கு எதற்கு? விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில் உடுத்திச் செல்லப் புத்தாடை வாங்குதற்கே. இசைத்தட்டுச் சுழற்றும் பணியை அவள் தமையன் கிளைவ் ஏற்றான். ஜமைக்காவிற் பிறந்து இளமையிலேயே நியூயார்க் போந்த அவனுக்கு அப்போது வயது 18. அவன் பூண்ட பெயர் ‘கூல் ஹெர்க்’.

அவன் செய்த புதுமை கேட்டற்கு எளியது. ஆடுவோர் பாட்டின் எவ்விடத்து மிகத் துள்ளுகின்றனர் என்று அவன் கூர்ந்து நோக்கினான். பாடகன் குரல் ஓய்ந்து, முழவும் தாளமுமே தனித்து ஒலிக்கும் சிற்றிடைவெளி ஒன்று பல பாட்டுகளில் உண்டு. அதற்கே கால்கள் துடித்தன. அதுவோ சில நொடிகளில் முடிந்துவிடும். எனவே ஒரே இசைத்தட்டின் படிகள் இரண்டை இரு சுழலிகளில் இட்டு, ஒன்றில் அவ்விடம் முடியுமுன் மற்றொன்றில் அதனைத் தொடங்கி, வேண்டுமளவு நீட்டினான். தண்டியலங்காரம் பயின்றார் இதனை இசைத்தட்டில் அமைந்த மடக்கணி எனக் கூறினும் இழுக்கில்லை. நீண்ட அத்தாளத்தின்மேல், ஒலிவாங்கி பிடித்து ஒருவர் அவையோரை விளித்தும் நகைத்தும் சொல்லடுக்கிப் பேசலாயினர். பேச்சே பாட்டாயிற்று. அதுவே ‘ராப்’. 1979-இல் அது இசைத்தட்டாகி ஊர்தோறும் பரவியது. 1982-இல் ‘தி மெசேஜ்’ என்னும் பாட்டில் குடிசைப் பகுதியின் துயரை வாய்விட்டுக் கூறியது. 2018-இல் கென்ட்ரிக் லமார் என்பார் அமெரிக்க நாட்டின் உயரிய புலிட்சர் பரிசை இசைக்கெனப் பெற்றார். தெருவிற் பிறந்தது பல்கலைக்கழகம் புக 45 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டுப் பாடல்களுட் சில இன்னும் வாயிற்படியிலேயே நிற்கின்றன என்பதை நோக்க இது விரைவே.

புத்தாடைக்காகப் பிறந்த இசை ஆடையை மறக்கவில்லை. பட்டும் பொன்னும் இழைத்த மேடையுடையை விடுத்து, தாம் தெருவில் உடுப்பதையே மேடையிலும் உடுத்தல் அப்பாடகர் வழக்கம். ‘ரன் டி. எம். சி.’ என்னும் மூவர் குழு 1986-இல் தம் கால்களிற் கிடந்த அடிடாஸ் காலணியைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டிற்று. அதன்பின் அந்நிறுவனமே அவர்களைத் தேடி வந்து உடன்படிக்கை செய்துகொண்டது. இவரினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஒரு தையற்காரர். டேனியல் டே என்னும் அவரை ‘டாப்பர் டான்’ என அழைப்பர். 1982-இல் ஹார்லெமில் கடை திறந்து, செல்வர் மட்டுமே வாங்கத்தக்க நிறுவனங்களின் இலச்சினைகளைத் தோலிலும் துணியிலும் தாமே அச்சிட்டு, அப்பகுதிப் பாடகர்க்கும் குத்துச்சண்டை வீரர்க்கும் அளவெடுத்துச் சட்டை தைத்தார். அந்நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1992-இல் கடை மூடப்பட்டது. 2017-இல் கூச்சி என்னும் இத்தாலிய நிறுவனம் அவர் பண்டு தைத்த மேற்சட்டையைப் பெரிதும் ஒத்த ஒன்றைத் தன் படைப்பென அரங்கேற்றியது. கண்டோர் கண்டித்தனர். பின்னர் அந்நிறுவனமே அவரை அழைத்து உடன்பணியாற்றச் செய்தது. எவர் எவரிடம் களவுசெய்தார் என்னும் வினாவை வழக்கறிஞராகப்போகும் எம் வகுப்புத் தோழர்க்கு விட்டுவிடுகின்றோம். தைத்தவன் பெயர் உலகறிய நின்றது என்பதே எமக்கு வேண்டுவது. அஃது அரிதினும் அரிது. அரிது என்பதை யாம் வீட்டிலேயே அறிவோம்.

எம் பெரியம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் 22 ஆண்டுகளாக வேலை செய்து வருகின்றார். இந்தியாவினின்று கடல் கடந்து செல்லும் பின்னலாடையிற் பாதிக்கு மேற்பட்டது திருப்பூரினின்றே செல்கின்றது. நூல் பின்னலாகி, சாயமேறி, கட்டிங் மேசையில் அறுபட்டு, ஓவர்லாக், பேட்லாக் என்னும் எந்திரங்களின்கீழ்ச் சட்டையாகி, செக்கிங்கும் அயர்னிங்கும் கண்டு, பெட்டியிற் புகுந்து தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிப் புறப்படும். எம் பெரியம்மா ‘கைமடி’யாகச் சேர்ந்தவர், டெய்லருக்குத் துணியை மடித்தும் எடுத்தும் கொடுப்பாரை அங்கு அங்ஙனம் அழைப்பர். பின்னர்த் தாமே எந்திரத்தில் அமர்ந்தார். உலகெங்கும் தெருநடை உடை எனப் பேர் பெற்றிருக்கும் தலைமூடிச் சட்டையும் முழங்கால் தொடும் பனியனும் பன்னூறு அவர் கைவழிச் சென்றுள்ளன. சென்ற கோடை விடுமுறையில் யாம் அவர் இல்லத்தில் இருந்தபோது, அவ்வகைச் சட்டையணிந்த பாடகர் ஒருவரின் படத்தைக் காட்டினோம். அவர் முகத்தை நோக்கினாரில்லை. தோள் தையலையே நோக்கி, “ஏங்கண்ணு, தோள்பட்டை இப்படி எறங்கிக் கெடக்குதே, இது அளவு தப்பிப்போன பீஸுன்னு நெனச்சல்ல நாங்க மொதல்ல ஒதுக்கி வெச்சோம்? ரெண்டு பேரு உள்ள பூந்துக்கலாமாட்ட இருக்குது!” என்றார். பின்பு, “இத்தனை தடிமனான துணிய அங்க குளுருக்குப் போடுவாங்க. நீயி ஆனைமலை வெய்யில்ல போட்டுக்கிட்டுத் திரியாத சாமி” என்றும் அறிவுரை கூறினார்.

அச்சட்டைகள் நம்மவர்க்கும் வந்து சேரும் வழி ஒன்று உண்டு. ஏற்றுமதியில் எஞ்சியனவும் சிறு குற்றத்தால் கழிக்கப்பட்டனவும் திருப்பூர்க் காதர்பேட்டையில் மொத்தமாகக் குவிக்கப்பட்டு, அங்கிருந்து ஊர்ச் சந்தைகளுக்குச் செல்லும். பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் இளநீர் விற்கும் முதியவர் ஒருவர் மார்பில் ‘புரூக்ளின்’ என்று எழுதிய பனியன் அணிந்திருக்கக் கண்டோம். அமெரிக்கக் கலாசாலைகளின் பெயர் தாங்கிய சட்டையோடு ஆழியாற்றங்கரையில் ஆடு மேய்ப்பாரும் உளர். நகைப்புக்கு உரியதன்று இது. நியூயார்க் இளைஞன் விலை கொடுத்து வாங்கும் அடையாளத்தை எம் ஊரார் அரைவிலைக்கு, அடையாளம் வேண்டாமலே வாங்கி, வெயிலுக்கு உடுக்கின்றனர். ஒரே தறி; ஒரே ஊசி. இத்தொழிலுக்குக் கொங்கு நாடு கொடுத்த விலையும் சிறிதன்று. சாயக் கழிவால் நொய்யல் கெட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் உழவுக்கு உதவாதாயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னர்க் கழிவு வெளியேறா முறையில் அவை மீண்டும் தொடங்கின. ஒரு பாட்டிற் கேட்கத்தக்க செய்தி இதில் இல்லை என்று எவரே கூறவல்லார்?

நிற்க. தமிழ் ராப்பின் வரலாற்றுக்கு வருவோம். 1994-இல் ‘காதலன்’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் ‘பேட்டை ராப்’ வந்தபோது தமிழ் மக்கள் அதனைச் சென்னைத் தெருப் பேச்சின் வேடிக்கையாகக் கேட்டு மகிழ்ந்தனர். வேடிக்கையினின்று விலக்கி அதனைத் தம் தொழிலாகவே கொண்டவர் மலேயா நாட்டுத் தமிழிளைஞர். அங்குத் தோட்டங்களிலும் நகர்ப்புறங்களிலும் வளர்ந்த தலைமுறையிலிருந்து தோன்றிய யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பு கடல் கடந்து இங்கு வந்தது. அதனைக் கேட்டு ஊக்கமுற்றவருள் கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே 1990-இல் பிறந்த ஆதி. தோழர் ஜீவாவுடன் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்னும் பெயர் பூண்டு, படத்தயாரிப்பாளர் எவர் வாயிலிலும் காத்திராமல், யூடியூப் வழியாகவே பாட்டை மக்கள் கையிற் கொடுத்தார். 2011-இல் அவர்தம் பாட்டொன்று காட்டுத்தீயெனப் பரவிற்று. 2012-இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ என்னும் தொகுப்பு வந்தது. 2015-இல் ‘ஆம்பள’, ‘தனி ஒருவன்’ ஆகிய படங்களுக்கு இசையமைத்தனர். 2017-இல் ஆதியே ‘மீசைய முறுக்கு’ என்னும் படத்தை இயக்கி நடித்தார். அவ்வாண்டு சனவரியில் ஏறுதழுவலுக்காகக் கோவை வ. உ. சி. மைதானத்தில் மாணவர் திரண்டபோது அவர்தம் காளைப் பாட்டைப் பலரும் முணுமுணுத்தனர். 2019-இல் ‘தமிழி’ என்னும் ஆவணத் தொடரில் தமிழ் எழுத்தின் பழமையைத் தேடிக் கல்வெட்டுகளிடம் சென்றார்.

இத்தகைய ஒருவர் எம் மாவட்டத்தவர் என்பதில் எமக்குப் பெருமை உண்டு. ஆயினும் பெருமை வேறு, மதிப்பீடு வேறு. அவருக்கு முதற்புகழ் தந்த அப்பாட்டு மதுக்கூடத்தில் ஆடும் பெண்டிரைக் கடிந்தது. ஆடவர் குடியால் அழிந்த இல்லங்கள் எம் தெருவிலேயே பல இருக்க, கடிதல் பெண்டிர் தலைமேல் மட்டும் விழுந்ததேன் என அன்றே பலர் வினவினர்; அவ்வினா எமக்கும் உடன்பாடே. தமிழ் தொன்மையானது, தமிழன் வீரன் என்பன கேட்டற்கு இனியன. கேட்டு முடிந்தபின் காதர்பேட்டையிலோ வால்பாறையிலோ ஒருவர் வாழ்வும் நம் கண்முன் எழுவதில்லை. பிராங்க்ஸ் இளைஞர் தம் தெருவின் எண்ணைச் சொல்லிப் பாடினர். இடத்தின் பெயரைச் சொல்லாத ராப் எமக்கு உப்பின்றிச் சமைத்த குழம்பே.

இங்கு எம் நண்பர் ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் வால்பாறை எஸ்டேட் ஒன்றில் லைன் வீட்டிற் பிறந்தவர். ஆழியாற்றினின்று 40 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அவர் ஊருக்குச் செல்லவேண்டும். அவர் பாட்டியாரும் தாயாரும் கொழுந்து கிள்ளுவோர். நண்பரோ சொற்களைக் கிள்ளுபவர். பேருந்தின் சன்னற் கம்பியில் விரலால் தாளமிட்டபடி நான்கு வளைவுக்கு ஒரு பாட்டுக் கட்டுவார். அவர் பயிலும் கல்லூரி வேறு, பெயர் வேண்டா. அங்குச் ‘சொந்தக் கவிதை’ போட்டி ஒன்று வைத்தனர். நண்பர் தம் ராப்பை எழுதிக் கொடுத்தார். ‘இது கவிதையன்று, கூச்சல்’ என்று குறித்து, மேடையேறவிடாமலே தாளைத் திருப்பிவிட்டனர். அத்தாளில் இருந்தவற்றுள் நான்கு வரியை அவர் இசைவுடன் ஈண்டுத் தருகின்றோம்:

கொழுந்து கிள்ளும் கையி - எங்க
கொடியில காயாப் பையி
எழுந்து நிக்கும் மலை - அதுல
எவனுக்கு எத்தன விலை?

கொச்சைத் தமிழ் என்று தள்ளுமுன், யாப்பருங்கலக்காரிகை பயின்ற கண்ணால் இதனை நோக்குவோம். ‘கொழுந்து’, ‘எழுந்து’ என்பவற்றில் முதலெழுத்து அளவொத்து இரண்டாமெழுத்து ஒன்றிவந்தது எதுகை. ‘கொழுந்து’, ‘கொடியில’ என்பதும், ‘எழுந்து’, ‘எவனுக்கு’ என்பதும் மோனை. ‘கையி’, ‘பையி’ எனவும், ‘மலை’, ‘விலை’ எனவும் ஈற்றில் ஒன்றியது இயைபு. நான்கே வரியில் மூன்று தொடையும் நிற்கின்றன. ஆங்கிலப் பாட்டு ஈற்றொலியையே பெரிதும் நம்பி நடப்பது. ஆங்கில ராப்பும் அங்ஙனமே. தமிழோ அடியின் தலையில் ஒலியைப் பூட்டும் மொழி. ஆங்கிலத்தைப் பார்த்தெழுதும் நம் ராப்பர் பலர் இயைபு ஒன்றையே பற்றிக்கொண்டு எதுகை மோனையைக் கைவிட்டனர். அதனாலேயே அவர் பாட்டு வாயில் நில்லாது வழுக்குகின்றது. எம் நண்பர் காரிகையைக் கண்ணாலும் கண்டவரல்லர். எதுகை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வினவினோம். பாட்டியார் விடுகதையினின்றும் ஒப்பாரியினின்றும் வந்ததென்றார். பொருளையும் சிறிது கூறுவோம். மழை மிகுந்த மலை அது. சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்று. கொழுந்துப் பை கொடியிற் காய்வதில்லை. காயுமுன் மறுநாள் விடிந்துவிடும். ‘காயாப் பையி’ என்ற ஈரெதிர்ச் சொல்லில் ஒரு தொழிலாளியின் வாழ்நாள் அடங்கிற்று. இதனைக் கூச்சல் என்றார் எவரோ, அவர் மழையில் நனைந்தறியார் போலும்.

ஒருவரையொருவர் சொல்லால் வெல்லும் போர் ராப்பில் உண்டு. அதனை அயல்நாட்டுப் பண்பற்ற வழக்கெனப் பழிப்பாரும் உளர். அவர் காளமேகத்தை மறந்தார். திருமலைராயன் அவையில் அதிமதுரகவியோடு அவர் மோதியதாகக் கூறும் கதையும், நொடிக்குமுன் வெண்பா பாடும் யமகண்டமும், இருபொருள் படவரும் வசையும் வேறென்ன? விரைவுக்கு அருணகிரியார் சந்தம் உண்டு. எம் கொங்கு நாட்டிலோ இவற்றினும் அணித்தாய ஒன்று உளது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவிரவாகப் பாடுவோர் இருவர் நிற்பர். ஒருவர் கதையை இழுத்துச் செல்வர். மற்றவர் பின்பாட்டாக ஏற்றும், வினவியும், வியந்தும் அவரை ஊக்குவர். 1965-இல் பிரெண்டா பெக் என்னும் கானடா நாட்டு அம்மையார் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, அக்கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவிற் பதிந்தார். ராப் மேடையிலும் முதற்பாடகர் பக்கத்தில் அவரை ஊக்கும் துணைப்பாடகர் ஒருவர் நிற்பதைக் காணுந்தோறும் எமக்கு உடுக்கொலியே செவியிற் கேட்கும். ஒன்று மற்றொன்றின் வழித்தோன்றல் என்று யாம் கூறவில்லை. பேச்சையே தாளமாக்கும் தேவை எங்கும் மக்கட்கு எழுகின்றது என்றே கூறுகின்றோம்.

கிறித்தவராகிய நமக்கு இதில் வியப்புக்கு இடமேயில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நற்செய்தியைப் பாடப் புகுந்தபோது குறவஞ்சியைத் தேர்ந்தார். பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தியும் சிங்கனும் வருகின்றனர். தெருவில் ஆடிய வடிவம் கோவிலில் ஆடலாமோ என்று அவர் தயங்கவில்லை. அண்மைக் காலத்தில், ‘பரட்டை’ எனப்பட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயர், மதுரை இறையியற் கல்லூரியில் இருந்துகொண்டு, சிற்றூர் ஏழைமக்களின் பறையும் மெட்டுமே அவர்தம் வழிபாட்டுக்கு உரியன என்று வாதித்து அம்மெட்டிலேயே வழிபாட்டு முறை அமைத்தார். 2005-இல் அவர் மறைந்தார். ஒலிவாங்கி பிடித்த இளைஞரை அவர் காலம் நன்கு கண்டிருப்பின் எவ்வாறு வரவேற்றிருப்பாரோ என எண்ணிப் பார்த்ததுண்டு.

தேயிலை மலையின் துயர் எழுத்தில் வாராததன்று. 1940-களில் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல், தொழிலாளர் வாய்மொழியாகக் கேட்டவற்றைத் தொகுத்து 1969-இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்னும் புதினமாக்கினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். 2013-இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ அதன் அடியொற்றியது. கங்காணியின் முன்பணத்திற் சிக்கி மலையேறி இறங்காதாரின் கதை அது. எம் நண்பர் அந்நூலை மூன்றுமுறை பயின்றவர். எனினும் அவரைப் பேனா எடுக்கச் செய்தது மற்றொன்று. 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டே அது. அரக்கோணத்து அறிவு எழுதித் தீயுடன் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வினின்று அறிவு அதனை உருவாக்கினார். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியாரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் தாயகம் அனுப்பப்பட்டவர் பல இலக்கத்தவர். அவர்க்கு வேலை தரவென அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியிலும் வால்பாறையிலும் உள்ளன. ஆகவே அப்பாட்டு நண்பரின் செவியில் அயலார் பாட்டாக விழவில்லை. லைன் வீட்டின் பக்கத்து வாயிலிற் கேட்ட குரலாகவே விழுந்தது. அதே ஆண்டு ஆங்கில இசையிதழ் ஒன்றின் அட்டையில் அப்பாட்டைக் குறித்து எழுதுங்கால் அறிவின் படம் விடுபட்டதும், எழுதியவன் எங்கே என்று பலர் கேட்டதும் அன்பர் அறிவர். பாடியவர்க்கே இந்நிலை. தைத்தவர், கிள்ளியவர் பெயரை எவர் கேட்பார்?

எம் ஊரில் ஒரு கதை வழங்குகின்றது. ஆற்றில் மிதந்துவந்த மாங்கனியைத் தின்ற குற்றத்திற்காகப் பெண்ணொருத்தியை நன்னன் என்னும் தலைவன் கொல்வித்தான். அவள் எடைக்குப் பொற்பாவை தருவதாகச் சுற்றத்தார் வேண்டியும் கேளானாயினான். குறுந்தொகையில் பரணர் இதனைக் குறித்து அவனை நரகுக்கு உரியவனாகவே வைத்துப் பாடினார். அப்பெண்ணே மாசாணியம்மன் என்பர் ஆனைமலை மக்கள். அநீதியுற்றோர் இன்றும் அக்கோவிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லிற் பூசிச் செல்கின்றனர். வழிபாடு எமக்கு உரியதன்றாயினும் கதை எம் ஊரது. பரணர் ஒரு தலைவனைப் பெயர் சொல்லி வைதார்; கடையெழு வள்ளலுட் சிலரைப் புகழ்ந்த வாயாலேயே வைதார்; அவ்வசை தொகைநூலில் ஏறி ஈராயிரம் ஆண்டு நிற்கின்றது. கூச்சல் என்று தாளைத் திருப்பிய நடுவர் அன்று இருந்திருப்பின் அப்பாட்டும் திரும்பியிருக்கும்.

நண்பர் அத்தாளைக் கிழித்துவிடுவாரோ என அஞ்சினோம். அவ்வாறு செய்திலர். அவர்தம் இளைய தங்கை பள்ளியிறுதி முடித்துத் திருப்பூரில் வேலைக்குச் செல்ல எண்ணியிருந்தாள். எம் பெரியம்மாவைக் கண்டு உசாவும்பொருட்டு நண்பர் எம்முடன் ஐப்பசித் திங்களில் திருப்பூர் வந்தார். தங்கும் விடுதி எத்தகையது, மிகைநேரப் பணிக்குக் கூலி உண்டா, மூன்றாண்டு கழித்து மொத்தமாகப் பணம் தருவோம் என்பாரை நம்பலாமா என்பன அவர் கேட்ட கேள்விகள். பெரியம்மா கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே விடை கூறினார்: “மாசாமாசம் கையில வாங்குறதுதான் சம்பளம் கண்ணு. மத்ததெல்லாம் பேச்சு.” மேல் படிப்புக்கு வழியுண்டாயின் முதலில் அதனைப் பாருங்கள் என்றும் கூறினார்.

உணவுக்குப்பின் நண்பர் தம் நான்கு வரியைப் பாடிக் காட்டினார். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “பை காயலீங்கறது நெசந்தான். எங்களுக்குத் துணியெல்லாம் காஞ்சுதான் வரும், கைதான் ஈரம்” என்றார். நண்பர் ஏன் என்று வினவினார். நாள் முழுதும் துணியைத் தள்ளும் உள்ளங்கை வேர்க்கும் என்றும், வெள்ளைத் துணியாயின் அவ்வேர்வைக் கறை பட்டதற்கே பீஸைக் கழித்துவிடுவர் என்றும், அதற்காக முகப்பவுடர் டப்பாவை எந்திரத்தருகில் வைத்துக் கையிற் பூசிக்கொள்வதுண்டு என்றும் கூறினார். பேட்லாக் எந்திரம் ஓடும் ஒலியை நாவினாலேயே ஒலித்துக் காட்டினார். நேர்த்தையலுக்கு ஒரு நடை, கழுத்து வளைவுக்கு ஒரு நடை, நூலறுந்தால் ஒரு நடை. நண்பர் மேசையில் விரலால் அதனைத் தொடர்ந்தார். கழுத்து வளைவில் அவர் தாளம் பிசகிற்று. “அங்க மெதுவா வுடோணும் சாமி, இல்லீன்னா சுருக்கு வுழுந்துரும்” என்று பெரியம்மா திருத்தினார். நண்பர் மறுபடி தட்டினார். திருப்பி அனுப்பப்பட்ட அதே தாளின் பின்புறத்தில், கைமடி, பேட்லாக், சுருக்கு, பவுடர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு, ‘கழுத்து’க்கு எதுகை தேடலானார்.